இடது ஓடையில் மரம்

மே 9
பனி உருகி ஆறு பழுப்பாக ஏறிவிட்டது. இந்த வெள்ளத்தில் ட்ரௌட் மீன் நடு ஆற்றில் நிற்காது, கரையோரப் புல்லுக்குள் ஒதுங்கும். ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில், இடது ஓடையின் வளைவில் அப்படி ஒரு மடு இருப்பதைப் பதினோரு வசந்தம் அலைந்து கண்டுபிடித்தவள் நான். என்னைப் போலவே மீன்பிடிப் படகு ஓட்டுகிற கர்ட்டுக்கு, கூட்டாளி என்று நம்பிக் காட்டினேன். இப்போது ஊரே அதைக் “கர்ட் மடு” என்கிறது.

இன்று காபிக் கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “டெல்லா படகு நல்லாத்தான் ஓட்டுவா. மீன் பாக்கத்தான் கண்ணு பத்தாது.” சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏன் சிரித்தேன்?

மே 10
இன்னும் வயிறு எரிகிறது.

மே 12
செய்துவிட்டேன். படகுத்துறைப் பலகையில் எழுதினேன்: “இடது ஓடை வளைவில் குறுக்கே மரம். வலப்பக்கம் போகவும். — டெல்லா.”

மரமும் இல்லை, மட்டையும் இல்லை. வெள்ளக் காலத்தில் விழுந்த மரத்தை முதலில் பார்ப்பவர் அங்கே எழுத வேண்டும், மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் நம்ப வேண்டும். அதில் பொய் எழுதிய முதல் ஆள் நான்தான்.

கர்ட் படித்துவிட்டு, “நல்லவேளை, சொன்னியே” என்றான். நன்றி வேறு.

மே 15
மூன்று நாளாக மடு எனக்கு மட்டும். கரையோரமாக நடந்தே போகிறேன். தண்ணீரில் கால் வைப்பதில்லை. வைத்தால் மீனையே மிதித்துவிடுவோம். புல்லில் மண்டியிட்டு, தூண்டில் முள்ளில் இறகும் நூலுமாகக் கனமாகக் கட்டிய கறுப்புப் பொய் ஈயைக் காலடியிலேயே நழுவவிட்டேன். ஏழு மீன். ஒன்று என் கை நீளம். எல்லாவற்றையும் திரும்ப விட்டேன். வலப்பக்கத்தில் கர்ட் குளிரில் விறைத்தபடி வெறும் தண்ணீரில் தூண்டில் வீசிக்கொண்டிருப்பான். இனிக்கிறது.

மே 18
மண்டியிட்டிருந்தபோது பின்னால் குரல்.

“மரம் எங்க டெல்லா? வெத போட்டுட்டு மொளைக்கட்டும்னு காத்திருக்கியா?”

கர்ட். நடந்தே வந்திருக்கிறான். பலகையில் என் வரியை அழித்துவிட்டானாம். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வெட்கப்பட வேண்டியவள் நான்தான். எனக்கு வருவதோ ஆத்திரம். அவன் படகு கவிழ்ந்து, அவன் நனைந்த கோழி மாதிரி நிற்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

மே 23
நேற்றைய மழையில் வளைவில் நின்ற பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறது. நிஜமாகவே. கிளைகளுக்குள் தண்ணீர் நுழைந்து போய்விடும், ஆள் போக முடியாது.

பலகையில் எழுதினேன். கர்ட்டுக்குப் போனும் போட்டேன். “அதே மரமா, இல்ல அதோட தம்பியா?” என்று கேட்டு போனை வைத்துவிட்டான்.

சொல்லிவிட்டேன் அல்லவா? போகட்டும். நாசமாய்ப் போகட்டும்.

மே 24
காலையில் வளைவுக்குப் போனேன். அவன் கவிழ்வதைப் பார்க்கத்தான் போனேன் — இங்கேயும் பொய் எழுத மாட்டேன். ஆனால் மீட்புக் கயிற்றையும் எடுத்துப் போனேன். அது எதற்கு?

தனியாக வந்தான். கத்தினேன், கையை ஆட்டினேன். அவனும் சிரித்துக் கையாட்டிவிட்டு இடப்பக்கம் திரும்பினான். மரத்தைப் பார்த்ததும் துடுப்பைப் பின்னுக்கு வலித்தான். ஆறு விடவில்லை. படகு பக்கவாட்டில் மோதி மரத்துக்கு அடியில் போய்விட்டது. அவன் ஒரு கிளையில் தொங்கினான்.

ஆசைப்பட்டதைக் கண்ணாரப் பார்த்தேன். ஒரு நொடிகூட இனிக்கவில்லை. மூன்றாவது வீச்சில்தான் கயிறு அவன் கைக்கு எட்டியது.

கரையில் கிடந்து நடுங்கிக்கொண்டே, “நெஜமாவே மரம்தான்” என்றான். தோள் விலகிவிட்டது.

மே 29
பலகையை இப்போது யாரும் நம்புவதில்லை. ஒவ்வொருவரும் கரையோரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குகிறார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

ஜூன் 6
துறையில் காலராடோவிலிருந்து வந்த ஒரு புதுப் படகோட்டி.

“அக்கா, டெல்லா மரம் எங்க இருக்கு? அதுக்கு முன்னாடியே வலப்பக்கம் ஒதுங்கிடணுமாமே?”

கர்ட் மடு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அது மரத்துக்கடியில் மூடிக் கிடக்கிறது.

“டெல்லா நான்தான்” என்றேன்.

“அப்ப நீங்கதான் மொதல்ல பாத்தீங்களா?”

“ஆமா. விழுறதுக்குப் பத்து நாள் முன்னாடியே.”

அவனுக்குப் புரியவில்லை. வளைவு வரை கூட்டிப் போய்க் காட்டினேன்.