மூன்றாம் வரிசையில் இருந்த படம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உனக்கு இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது. போனில் எதைக் கேட்டாலும் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன், ஜாக்கிரதை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடியோ கேமின் அட்டைப்படத்தைச் சோதித்துப் பார்த்தேன். நீ சொன்ன முறைதான். பிரபலமான கேம்களின் படங்களுக்கு நடுவே வைத்தால் பழகின முகத்துக்கே கண் போகும், இல்லாத கேம்களுக்கு நானே பதினொரு படம் வரைந்து தருகிறேன் என்றாயே, அந்தப் பதினொன்றோடு நம்முடையது ஒன்று. இணையக் கடையில் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, டேப்லெட்டில் மூன்று வரிசையாக அடுக்கினேன். இரண்டு விநாடி காட்டிவிட்டு மூடிவிட்டு, எதைத் தொட்டிருப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.

கீழ்வீட்டுப் பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குப் போனேன். பல்வலிக்காரர்களை மிஞ்சிய நடுவர்கள் கிடையாது. முகதாட்சண்யத்துக்காக நல்ல வார்த்தை சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. பதினாலு பேர். நம் படத்தைத் தொட்டவர் ஒரே ஒருவர், அவரும் விரல் தவறிவிட்டது என்றார். ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, இது என்ன, அலமாரி சரிஞ்சு விழுந்துடுச்சா என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் பெண், அவள் ஸ்பேனர், நூறு மாடிக் கட்டடம், பூனை, நிலா என்று எல்லாவற்றையும் திணிக்கச் சொன்னது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். இப்போது என் கவலை அது இல்லை.

பத்துப் பேர் ஒரே படத்தைத் தொட்டார்கள். மூன்றாம் வரிசையில் இரண்டாவது. கருகருவென்று ஒரு கிணறு, மேலே ஒருத்தி குனிந்து விளக்குக் காட்டுகிறாள், கீழே ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள், நடுவே மஞ்சளாக ஒரு வெளிச்சக் கோடு. அடியில் தடித்த எழுத்தில் 'விடாதே'. அவ்வளவுதான். டாக்டரின் ரிசப்ஷன் பெண், இது எப்ப வருது, எங்க வாங்கறது என்று என்னை விடவே இல்லை.

இல்லாத கேமுக்கு இவ்வளவு நல்ல படமா? கோபித்துக்கொள்ளாதே. சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

*

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதும் மனநிலையில் நான் இல்லை.

உன் பதில் வந்தது. நாலே வரி. சும்மா கிறுக்கினது அக்கா, இடத்தை நிரப்பத்தானே என்கிறாய். கூடவே நம் படத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறாய். கட்டடம், பூனை, நிலா எல்லாம் போய், மெக்கானிக்கின் முகம் மட்டும், பெரிய எழுத்தில் தலைப்பு. நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி கீழே போய்ப் பன்னிரண்டு பேரிடம் காட்டினேன். நமக்கு மூன்று. கிணற்றுக்கு எட்டு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். மற்ற பத்தும் கிறுக்கல், அது எனக்கும் தெரிகிறது. இது மட்டும் இல்லை. கீழே நிற்பவளின் கழுத்தில் வெளிச்சம் விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வாரத்து உழைப்பு அது. எனக்கு வரையத் தெரியாது, ஆனால் உன் கை தெரியும். கேமுக்கு நிரல் எழுதுவது நான், படம் வரைவது நீ என்று ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறோமே.

கடையில் 'விடாதே' என்று தேடினேன். அப்படி ஒரு கேம் இல்லை. இன்னும் இல்லை என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. உன் ஆபீஸில் சத்தம், இசை எல்லாம் சேர்க்கும் அந்த ஒலிக்காரர், அவருக்குச் சொந்தமாக ஒரு கேம் செய்ய ஆசை என்று நீயே வாய்தவறிச் சொன்னாய். போன தடவை பேசியபோது அவர் பேச்சு நாலு முறை வந்தது. நான் எண்ணினேன். நெருப்பில்லாமல் புகையுமா?

உன் மாமா, அதாவது என்னைக் கட்டிக்கொண்டு அவதிப்படும் மனிதர், கூடப்பிறந்தவ மேலயே சிஐடி வேலையா என்று கேட்டார். அவரும் அந்தக் கிணற்றைத்தான் தொட்டார், அதனால் அவர் சாட்சி செல்லாது.

புது கேம்களின் இணையக் கண்காட்சிக்கு நம் பக்கம் இருபதாம் தேதிக்குள் ஏற வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். இதை நம்பித்தான் நான் வேலையை விட்டேன். நல்ல படத்தை இன்னொருவருக்கு எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் தள்ளுகிறாய் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். முதுகில் குத்தாதே.

அந்தப் படத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கிற மூலக் கோப்பை அனுப்பு. போனில் கேட்டால் தொலைந்துபோச்சு என்கிறாய். ஆறாம் வகுப்பு நோட்டில் வரைந்த யானையைக்கூட இன்னும் வைத்திருப்பவள் நீ. யாரிடம் கதை விடுகிறாய்? அனுப்பாவிட்டால் நான் நினைப்பதே உண்மை என்று வைத்துக்கொள்வேன்.

அக்கா

*

என் தங்கத்துக்கு,

கோப்பு வந்தது. ஒரு வார்த்தைகூட இல்லாமல் அதை மட்டும் அனுப்பியிருந்தாய்.

நாற்பத்து மூன்று அடுக்கு. எங்கேயாவது அந்த ஒலிக்காரரின் பெயர் இருக்கும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனேன். மேலே பூசியிருந்த கறுப்பை அணைத்தேன். கிணறு காணாமல் போய்விட்டது. லிஃப்ட் கம்பிகள் தெரிந்தன. சுவரில் மாடி எண், அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கீழே நிற்பவள் இடுப்பில் ஸ்பேனர். நம் மெக்கானிக். அப்புறம் மேலே டார்ச் பிடித்துக் குனிந்து நிற்பவள்.

அவளை எனக்கு அடையாளம் தெரிய இவ்வளவு நாள் ஆயிற்று, சே, என்ன ஜென்மம் நான்!

நாம் தொடங்கியபோது கேமில் இரண்டு பேர். ஒருத்தி பழுது பார்ப்பாள், ஒருத்தி மேலே இருந்து வெளிச்சம் காட்டுவாள். அந்த யோசனை உன்னுடையது. என் நிரலில் வெளிச்சம் காட்டுகிறவள் சுவரில் போய் முட்டிக்கொண்டே நின்றாள். மூன்று மாதம் முட்டினாள். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, அவ வேண்டாம், தூக்கிடு என்றேன். நீ, சரிக்கா என்றாய். அந்த மாதமே தூரத்து ஊரில் வேலைக்கு எழுதிப்போட்டாய். நல்ல வேலை, போகிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஒவ்வொரு அடுக்குக்கும் வழக்கம்போலத் தேதி எழுதி வைத்திருக்கிறாய். முதல் அடுக்கு, நான் அப்படிச் சொன்னதற்கு மறுநாள். கடைசி அடுக்கு, போன மாதம். இரண்டு வருஷம் அவளை வரைந்திருக்கிறாய்.

எனக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தானே கறுப்பைப் பூசி அந்தப் பதினொன்றில் ஒன்றாக வைத்தாய்? முன்பின் தெரியாத பல்வலிக்காரர்கள் கண்ணிலெல்லாம் பட்டாள். என் கண்ணில் படவில்லை. நான் என்ன பார்த்தேன் தெரியுமா, திருட்டுத்தனம். அந்த ஒலிக்காரர் பாவம், அவரிடம் எதையும் சொல்லித் தொலைக்காதே.

உன் மாமா, படம்தான் இருக்கே, கறுப்பை எடுத்துட்டுப் போட்டுடு என்றார். முடியாது. கேமில் இல்லாத ஒருத்தியை அட்டையில் காட்டினால் அது பொய், வாங்கியவர் வாயில் விழ வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சட்டம் போட்டவள் நீ. அவளைக் கேமுக்குள் திரும்பக் கொண்டுவர இருபதாம் தேதி போதாது. அதனால் இந்த வருஷம் கண்காட்சிக்கு வரவில்லை என்று இன்று காலை எழுதிவிட்டேன். அப்புறம் பழைய நிரலைத் தேடி எடுத்து அவளைத் திரும்பச் சேர்த்தேன். இன்னும் சுவரில்தான் முட்டுகிறாள். நானே தனியாகச் சரிசெய்துவிடுவேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிடவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை ஏது? ஒரே ஒரு சந்தேகம்தான் இன்னும் பாக்கி. இதைப் படித்துவிட்டு, உள்ளே எத்தனை இருந்தாலும் விழுங்கிக்கொண்டு, சரிக்கா என்று ஒரே வரியில் முடித்துவிடுவாயோ என்று. அதை மட்டும் செய்யாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். திட்டு. நான் செய்தது ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டுத் திட்டு. பத்துப் பக்கம் வந்தாலும் படிப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கோபத்துக்காகக் காத்திருக்கும்,
அக்கா