வலப்பக்கக் கண்ணாடி

இஞ்சேருங்கோ,

சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. கார்ச் சாவியைத் தேடாதேங்கோ, அது என்னிடம்.

றிவேர்ஸ் எடுக்கேக்கை கேற்றுத் தூணில் இடித்து நான் காரின் வலப்பக்கக் கண்ணாடியை உடைத்த அன்று, “வேறை கண்ணாடி போடுமட்டும் நீர் காரைத் தொடக்கூடாது” என்று சொன்னீங்கள். பிறகு மாதக்கணக்காக நீங்களும் அதைப் போடவில்லை. இன்று காலை பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாவோடு ஏவன்டேலில் பழைய கார் உடைக்கிற இடத்துக்கு நடந்துபோய், இதே மாதிரிக் காரிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து நானே பொருத்திப் பூட்டிவிட்டேன். எங்கடை கார் நீலம், கண்ணாடிக் கூடு மஞ்சள். இருக்கட்டும், பின்னால் வருகிறது வடிவாய்த் தெரிகிறது.

இப்போது ஸ்ரெல்லாவையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறேன். இருட்டுறதுக்கு முன்னம் வந்துவிடுவேன்.

ரதி

சொல்ல மறந்தது: நாளைச் சனி முழுக்குக்கு நல்லெண்ணெய் இல்லை. உடைந்த கண்ணாடியின் துருப்பிடித்த ஸ்குரூக்கள் போத்தல் முழுவதையும் குடித்த பிறகுதான் அசைந்தன. தலைக்கு இந்தமுறை ஷாம்பூ போடுங்கோ.

இன்னுமொன்று. காரை றிவேர்சில் எடுத்து ரோட்டில் விட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கேற்றடிக்குப் போய்த் தூணைத் தடவிப் பாருங்கோ. அதிலிருப்பது பழைய கீறல் மட்டும்தான்.