வலது மடிப்பு மேலே

கனாஸாவா,
மார்ச் 19

அன்பு மகன் தக்குரோவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே பைன் மரங்களுக்குப் பனிக்காகக் கட்டிய கயிறுகளை நேற்றுதான் அவிழ்த்தார்கள். நீ இருக்கிற குஷிரோவில் இன்னும் பனி விழுகிறது என்று செய்தியில் பார்த்தேன். நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போடுகிறாயா, பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மண்டியிட்டுச் செய்கிற வேலையில் அது எங்கே போகும்?

உன் புத்தாண்டு அட்டையில், ‘இனி அதிக நாள் உங்களுக்குச் சிரமம் தரமாட்டேன்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, முழுவதும் படி.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஸ்டூடியோவுக்கு இகராஷி வந்தான். ஆமாம், அவனேதான், உன் பஸ் டிப்போ மேலாளர். ஓய்வு பெற்றுவிட்டானாம். மனைவியோடும் பழைய டிப்போ ஆட்கள் நாலு பேரோடும் சுற்றுலா வந்திருக்கிறான். சாமுராய் கவசம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆசை. இருக்கிற ஆறு கவசங்களில் கறுப்பில் சிவப்புக் கயிறு கோத்த பெரியதுதான் வேண்டுமாம், தளபதி மாதிரி இருக்கவேண்டுமாம். பிரேக் தேய்ந்த பஸ்ஸை ‘ஒரு நடைதானே’ என்று அனுப்பிவிட்டு, ஒரு பெண்ணுக்குக் கால் போனதும் விசாரணையில் உன்னைக் கைகாட்டிய தளபதி!

அவன் என்னை அடையாளம் காணவில்லை. ‘முரோயி’ என்ற பெயர் அட்டை என் மார்பிலேயே இருந்தது. உடுத்திவிடுகிறவளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு ஏது?

கவசத்துக்கு அடியில் போடுகிற உள்ளங்கியை அவனுக்குப் போட்டு, அதன் முன்பக்கத்து இரண்டு ஓரங்களையும் கையில் பிடித்திருந்தேன். அப்போது நாலு பேரில் ஒருவன், “தலைவரே, உங்களுக்கு எதுக்கு வாளு? முத்திரை குத்தத்தானே தெரியும்?” என்று கிண்டல் செய்தான். இகராஷி குலுங்கிச் சிரித்துக்கொண்டு, “அதுவும் என் முத்திரை இல்லடா. பசங்க முத்திரையெல்லாம் என் டிராயர்லதானே கிடக்கும். அன்னிக்கும் ஒண்ணை எடுத்துக் குத்துனேன். அந்தப் பையன் கடைசிவரைக்கும் வாயே தொறக்கலையே!” என்றான்.

கேட்டாயா, தக்குரோ? பிரேக் சோதித்ததாக அந்தத் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக உன் பெயர் முத்திரையைக் குத்தியது அவன். ‘அவசரத்தில் நான்தான் பார்க்காமல் குத்திவிட்டேனோ, அம்மா’ என்று எட்டு வருஷமாக நீயே உன்னைச் சந்தேகப்பட்டாய். முத்திரையை ஆபீஸில் விடாதே என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாரும் அங்கேதான் வைக்கிறோம் என்றாய்.

அவன் தொண்டை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. உள்ளங்கியின் வலது ஓரத்தை உள்ளே வைத்து, இடது ஓரத்தை மேலே மடிப்பதுதானே வழக்கம்? அன்று மாற்றிக் கட்டினேன். வலது மடிப்பு மேலே. உன் அப்பாவைச் சவப்பெட்டியில் வைக்கும் முன் நாம் இருவரும் கட்டினோமே, அதே கட்டு.

மேலே மார்புக் கவசம் ஏறியது. தொண்டைக் காப்பு குத்துகிறது என்று அவனே வேண்டாம் என்றுவிட்டான், அதனால் கழுத்தடியில் மடிப்பு பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டுமல்லவா, அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. நண்பர்கள் அதற்குள் தங்கள் கவசங்களைப் பார்க்க அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். படம் எடுப்பவர் பிரேசிலிலிருந்து வந்தவர். இந்த மடிப்பெல்லாம் அவருக்குத் தெரியாது. முகவாயைத் தூக்குங்கள், இன்னும் தூக்குங்கள் என்று அவர் பாட்டுக்குச் சொன்னார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த அவன் மனைவி மட்டும் பார்த்துவிட்டார். எழுந்து நேராக என்னிடம் வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என் பெயர் அட்டையைப் படித்தார். “அந்தப் பையனோட அம்மாங்களா?” என்றார். தலையசைத்தேன். “எங்க வீட்டுல இவர் டிராயர்ல முரோயின்னு செதுக்கின முத்திரை ஒண்ணு கிடக்குங்க. யாரோடதுன்னு கேட்டா எரிஞ்சு விழுவார். இப்பத்தானே வெளங்குது” என்றார்.

அதற்குள் அவன் அங்கிருந்து, “என்ன, எப்படி இருக்கேன்?” என்று கூவினான். “ரொம்பப் பொருத்தமா இருக்கு. அசையாம அப்படியே நில்லுங்க” என்றார் அந்த அம்மாள்.

பன்னிரண்டு படங்களில் தொண்டை நன்றாகத் தெரிகிற ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். இருப்பதிலேயே பெரிய அளவு, சட்டம் போட்டது. வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவாராம். வருகிறவர்கள் எல்லாரும் செத்தவன் உடுப்பில் அவனைப் பார்ப்பார்கள், கம்பீரம் என்று சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கிப் போவார்கள். முகத்துக்கு நேரே யார் சொல்லப்போகிறார்கள்? பாவம் என்று உனக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சு குளிர்ந்தது. அந்தப் படத்தை நான்தான் பொதி கட்டி அனுப்பினேன்.

நேற்று அவரிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே உன் முத்திரை. கூடவே ஒரு தாள். அன்று அவன் சொன்னதைத் தேதியோடு எழுதி, கீழே தன் முத்திரையைக் குத்தியிருக்கிறார். முத்திரையை இத்துடன் வைத்திருக்கிறேன். தாளை அனுப்பமாட்டேன். உனக்கு இளகிய மனசு, அடுப்பில் போட்டுவிடுவாய். அதை வாங்கிக்கொண்டு விசாரணைக்காரர்கள் முன்னால் வைக்க நீதான் வரவேண்டும்.

வா, கண்ணு. வந்ததும் அந்தக் கறுப்புக் கவசத்தில் உன்னை நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொல்லப்போகிறேன். உள்ளங்கியை நான்தான் கட்டுவேன். உனக்கு இடது மடிப்புதான் மேலே வரவேண்டும். வேறு மாதிரி என் கையால் கட்டவைத்துவிடாதே.

உன் அம்மா,
ஃபுசாயே முரோயி