பிள்ளைக்காம்பரா சாவி

மேல் டிவிசன்,
பொகவந்தலாவை.
19.06.2025

என் செல்ல மகள் பிரேமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றுகிறேன். போனில் பேசாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே, இருபத்து மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாய்ஸ் போட்டுப் பாருங்கள் என்று பக்கத்துக் காம்பரா அழகம்மா சொன்னாள். போட்டேன், ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது, அழித்துவிட்டேன். கடிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காது பார். பஜாரில் போன் கடை வைத்திருக்கும் ஹஸ்ஸான் தம்பி உன் அவுஸ்திரேலியா விலாசத்தை உறையில் இங்கிலீசில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே இரண்டு கிழமையாக விடாத மழை. நம் லயத்தில் வரிசையாக இருக்கிற பன்னிரண்டு காம்பராவில் ஐந்து பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், கடைசிக் காம்பரா முத்தையாவின் நாய்கூட யாரும் இல்லாமல் என் வாசலில்தான் படுக்கிறது. உன் கம்பெனி நம் மலையிலேயே துளை போட வருகிறது என்று போன வருடம் நீ சொன்னபோது நான் எவ்வளவு பூரித்துப் போனேன் தெரியுமா. மின்சாரக் காருக்குக் காந்தம் செய்கிற ஏதோ தாது, பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. கொழுந்து எடுக்கப் போகிற அம்மாமார்கள் விட்டுப் போன பிள்ளைகளை இருபத்தாறு வருடம் நான் பார்த்துக்கொண்ட அதே பிள்ளைக்காம்பராவை, நீயும் தவழ்ந்து வளர்ந்த இடத்தை, பிள்ளைகள் இல்லையென்று தோட்டம் மூடிப் போட்டிருந்ததை, அவர்கள் கல் வைக்க எடுத்துக்கொண்டார்கள். சாவி என்னிடம் வந்தது. தொட்டில் கட்டிய இடத்தில் எல்லாம் இப்போது கல் பெட்டி. மகள் சோதிக்கப் போகிற கல்லுக்கு அம்மா காவல் என்று லயம் முழுவதும் சொல்லித் திரிந்தேன், அழகம்மாவுக்குக் காது புளித்துப்போனது.

ஒப்பந்தம் என்னவென்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பூமியிலிருந்து எடுக்கிற நீளக் கல்லை, கல் அறுக்கிற வாளால் நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும், ஒரு பாதி உங்கள் ஆய்வுகூடத்துக்கு, மறுபாதி இங்கேயே இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த அரசாங்கத்து மிஸ்ஸும் கம்பெனி ஆளும் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி அசையலாம். எனக்கு அது புது விசயமே இல்லை. யார் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாரோ அவர் வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் பிள்ளையைக் கொடுப்பேன், ஒரு தடவை குடித்துவிட்டு வந்த தகப்பனிடமே கொடுக்காமல் தாய் மலையிலிருந்து இறங்கும் வரை மடியில் வைத்திருந்தவள் நான். பழைய பதிவுப் புத்தகம் ஒன்றில் மிச்சம் இருந்த பக்கங்களிலேயே கல்லையும் எழுதினேன், கொண்டு வந்தவர், கூட்டிப் போனவர் என்று. கம்பெனிப் பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

மே மாதம் இருபத்தேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, லொறியோடு வந்தார் உங்கள் சூப்பர்வைசர் முத்துலிங்கம், அந்தச் சேற்றில் வெள்ளைச் சப்பாத்து வேறு. இரண்டு பாதியையும் ஏற்ற வேண்டுமாம். மிஸ் எங்கே என்று கேட்டேன். "அவங்க அடுத்த கெழமதான் வருவாங்க, கப்பல் காத்துக்கிட்டு இருக்கு, கையெழுத்த அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். அம்மா வராமல் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தள்ளிப் போய் யாருக்கோ போன் பண்ணினார். அரை மணி நேரத்தில் உன்னிடமிருந்து எனக்குப் போன் வந்தது. எப்போதும் சாப்பிட்டீர்களா என்றுதான் ஆரம்பிப்பாய், அன்றைக்குக் கேட்கவில்லை. "அம்மா, அது வெறும் கல்லும்மா, சாவியக் குடுத்துருங்க, என் விசா இவங்க கையில இருக்கும்மா" என்றாய். உன் பக்கத்தில் யாரோ இங்கிலீசில் பேசுவதும் கேட்டது. நான் முடியாது என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, நீ வைத்துவிட்டாய். மூன்று மணி வரை வாசல்படியில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், கோபப்படாமல் படி. நமக்குத் தனி வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருவதாகச் சொன்ன அந்த மேல் மலையில்தான் மூன்று துளை போட்டிருக்கிறார்கள். முதல் தடவை மிஸ் வந்தபோது அவரிடம் கேட்டேன், காணி கிடைத்தால் அதற்குக் கீழே இருப்பது யாருக்கு என்று. வீட்டுக்குக் காணி யாருக்குக் கொடுத்தாலும் கீழே இருக்கிற தாது நாட்டுக்குத்தான் சொந்தம் என்றார். மேலே இருக்கிற தேயிலை குத்தகைக்காரனுக்கு, கீழே இருப்பது நாட்டுக்கு, நடுவில் நாங்கள் எங்கே மிஸ் என்று கேட்டுவிட்டேன், என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு "ஒயாட்டத் அயிதி" என்று சிங்களத்தில் சொன்னார், உங்களுக்கும் சொந்தம் என்று அர்த்தம். வெளிநாட்டார் வரட்டும், வாங்கட்டும், ஆனால் பாதிக் கல் இங்கே இருந்தால்தான் என்ன இருக்கிறது, என்ன விலை என்று நாமும் பார்த்துச் சொல்லலாம், எல்லாம் போய்விட்டால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு என்றும் சொன்னார். பிரேமினி, உன் தாத்தா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தே செத்துப்போனார். இந்த நாட்டில் ஒன்று எனக்கும் சொந்தம் என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது என் அறுபது வயதில் அதுதான் முதல் தடவை. சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னாரோ என்னவோ. இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு சாவியைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

அடுத்த கிழமை மிஸ் வந்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, பாதிக் கல் முறையாகப் போனது. ஒவ்வொரு பெட்டி மூடியிலும் நானும் என் பெயரை எழுதியிருக்கிறேன். நீ இன்னும் அந்த வேலையில் இருந்தால் இந்நேரம் பார்த்திருப்பாய். இருக்கிறாயா இல்லையா என்றுதான் எனக்குத் தெரியவில்லை, தூக்கம் வராததற்கு அதுதான் காரணம், முழங்கால் இல்லை. துளை போடுகிற மெசினையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்ப வருவார்களா என்று யாருக்கும் தெரியாது. அதில் வேலை செய்த நம் பையன்கள் என்னால்தான் தங்கள் வேலை போனது என்று என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், அழகம்மா மட்டும்தான் ஊர் வாய்க்குப் பயப்படாமல் வந்து போகிறாள். காலையில் எழுந்து பிள்ளைக்காம்பராவைத் திறந்து, கல் பெட்டிகளைத் தூசி தட்டி, கூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பிள்ளை அழுகிற சத்தம் இல்லை. ரொம்பத் தனியாக இருக்கிறதம்மா. நான் செய்தது சரி என்று சில நாள் நினைக்கிறேன், சில நாள் என் பிள்ளையின் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று நினைக்கிறேன். இரண்டையும் கேட்க நீதான் இருக்கிறாய், நீயும் போனை எடுப்பதில்லை.

நேற்று மழையில் வெளியே போக முடியாமல் அந்தப் பதிவுப் புத்தகத்தைப் பின்னால் புரட்டினேன். தொண்ணூற்றேழாம் வருடம், செ. பிரேமினி என்று தினமும் உன் பெயர். கொண்டு வந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கூட்டிப் போனவர் என்ற இடத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறது, உனக்கு மட்டும் ஒரு நாளும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் பாட்டுக்குப் போயிருக்கிறேன், எனக்கு நானே எதற்குக் கையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆக என் புத்தகத்தின்படி உன்னை இன்னும் யாரும் கூட்டிப் போகவில்லை. அந்த வேலை இருந்தால் நன்றாகச் செய், அம்மாவின் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வேலை போயிருந்தால் யாருக்கும் பயப்படாமல், வெட்கப்படாமல் வந்துவிடு, எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் திறக்க நான் இருக்கிறேன்.

உனக்கு நோய் நொடி வராமல், நினைத்தது நடந்து, நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, அந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டும். பேச வேண்டாம், போனை எடுத்து ஒரு தடவை இருமினால்கூடப் போதும், நான் தெரிந்துகொள்வேன்.

உன்னைப் பெற்றவள்,
செ. தெய்வானை