“அந்தப் பக்கம் பாருங்க, டீச்சர்”

மயிலாப்பூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சிஸ்டர் நிஷாவுக்கு,

நலம்தானே? என்னை நினைவிருக்கிறதோ என்னவோ. டிசம்பரில் உங்கள் மூன்றாம் மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் பதினோரு நாள் கிடந்த கணக்கு டீச்சர் நீரஜா. குடலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, மலம் போக வயிற்றிலேயே ஒரு வழி வைத்து, மேலே பை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஃபோன் செய்யலாம்தான். ஆனால் இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் வார்டு விலாசத்துக்கே எழுதுகிறேன்.

முதலில் நன்றி. இத்தனை ஊசி போட்டீர்கள், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அடுத்தது புகார். பை மாற்ற வரும்போதெல்லாம் திரையை இழுத்துவிட்டு, “அந்தப் பக்கம் பாருங்க டீச்சர், ரெண்டே நிமிஷம்” என்பீர்கள். நானும் சமர்த்தாக ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர் மொட்டைமாடியில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பதினோரு நாளும் இதே கதை. கண்கொண்டு பார்க்கக் கூடாத ஏதோ ஒன்று என் உடம்பில் இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது உங்களிடம்தான், சிஸ்டர். இன்றுவரை அதை நான் பார்க்கவில்லை. என் கணவர் கபாலிதான் மாற்றிவிடுகிறார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

இப்போது அதற்கும் வழியில்லை. இந்த மாதம் 28ஆம் தேதி அவருக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் குனியக் கூடாதாம். எங்கள் பெண் மதுவந்தி பெங்களூரிலிருந்து வருகிறேன் என்றாள். அவளிடம் இதைக் காட்ட மனசு ஒப்பவில்லை, வராதே என்று சொல்லிவிட்டேன். இனி நானேதான் செய்துகொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பை ஆட்டிப்படைத்தவளுக்குத் தன் வயிற்றைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அலுத்துப்போன
நீரஜா

*

பெரும்பாக்கம்
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். வார்டு அட்டெண்டர் கனகராஜ் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்ததும் புகாராகத்தான் இருக்கும் என்று பயந்து, மூன்று நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிறகு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பிரித்தேன். புகார்தான்.

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. எங்களுக்கு வேறு மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாளே நோயாளி கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் துடைக்கச் சொல்ல வேண்டும். இது என் உடம்புதான் என்று அவர்களுக்குத் தோன்றும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் இருபத்தாறு கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர், டீச்சர். காட்டினால் அழுவார்கள். அழுது முடிக்கும்வரை உட்கார வேண்டும், நாற்பது நிமிஷமாவது போய்விடும். அந்தப் பக்கம் திரும்பச் சொன்னால் நாலு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அதை உங்கள் நல்லதுக்காகச் சொல்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கடிதத்தைப் படித்த பிறகுதான், எனக்காகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு கேட்ட கையோடு நாளைக்கு இன்னொருவரிடம் அதையே சொல்லிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அவ்வளவு அசதி.

23ஆம் தேதி ஞாயிறு எனக்கு விடுமுறை. உங்களுக்குச் சம்மதம் என்றால் வருகிறேன். கண்ணாடி கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரியில் மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பணிவுடன்,
நிஷா

*

மயிலாப்பூர்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள சிஸ்டர் நிஷாவுக்கு,

வாருங்கள். குளத்துக்கு மேற்கே இரண்டாவது சந்து, பச்சைக் கேட். பெரிய உபசாரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நான் சமையலறைப் பக்கம் போய் இரண்டு மாதம் ஆகிறது. காபி இவர்தான் போடுவார், தண்ணீராக இருக்கும். நான் அழுதால் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

நீரஜா

*

பெரும்பாக்கம்
25 பிப்ரவரி 2025

டீச்சருக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் பாதியில் கிளம்பிவிட்டேன். ஏன் என்று உங்கள் கணவர் இரண்டு முறை கேட்டார். வாசலில் நின்று சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடியை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். மூன்று எண்ணுவதற்குள் கண்ணை மூடிவிட்டீர்கள், ஆனாலும் பார்த்தீர்கள். உங்கள் விரலை எடுத்து நான் அதன் ஓரத்தில் வைத்தபோது கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வார்டில் எட்டு வருஷத்தில் இப்படி ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அதன்பிறகு கை கழுவப் பின்பக்கம் போனேன். பாத்ரூமுக்கு வெளியே ஜன்னல் மேடையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மா முனியம்மாள் பத்தொன்பது வருஷம் உங்கள் பேட்டையில்தான் பாத்திரம் தேய்த்தாள். அப்போது நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தோம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் கூடப் போவேன். இதே மாதிரி ஜன்னல், இதே மாதிரி டம்ளர். அதில்தான் அவளுக்குக் காபி ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவளே கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பாள்.

எனக்கு மட்டும் நல்ல டபரா செட்டில் காபி வந்தது. நான் சிஸ்டர் ஆயிற்றே. பாதியை அப்படியே வைத்துவிட்டேன். வீட்டில் சொன்னதற்கு அம்மா, “இன்னாத்துக்குக் கோவம்? அது அவங்க ஊட்டு வயக்கம். நீ உன் வேலையப் பாத்துக்கினு போ” என்றாள். என்னால் முடியவில்லை. தன் உடம்பைப் பார்க்கக் கூடாததாக ஒதுக்கியது எப்படி வலித்தது என்று எனக்கு எழுதியவர் வீட்டில் அந்த டம்ளரைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

பை மாற்றும் முறையை ஒவ்வொன்றாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களால் முடியும். நான் இனி வரமாட்டேன். பதிலும் எழுத வேண்டாம்.

நிஷா

*

மயிலாப்பூர்
11 மார்ச் 2025

அன்புள்ள நிஷா,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு கடிதம் மட்டும் பொறுத்துக்கொள். சிஸ்டர் என்று கூப்பிட இன்றைக்கு வரவில்லை, ஒருமைக்குக் கோபித்துக்கொள்ளாதே.

அந்தத் தட்டும் டம்ளரும் என்னுடையவை.

எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வருவது நின்று பல வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவற்றை நான்தான் எடுத்துப்போய் அங்கே வைத்தேன். யாரும் சொல்லவில்லை. வயிற்றில் மலப்பையைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கும் சுவாமி விளக்குக்கும் கிட்டே எப்படிப் போவது என்று நானே முடிவு செய்தேன். இவர் ஒரு வாரம் சண்டை போட்டார். “நோக்கு ஆபரேஷன் ஆயிருக்கு நீரஜா, தீட்டு ஆகல” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார். மதுவந்தி பெரியவளானபோது, மூன்று நாள் மூலையில் உட்காரவைக்கும் வழக்கமே இந்த வீட்டில் கிடையாது என்று மாமியாரோடு மல்லுக்கு நின்றவள் நான். அதே நான் என்னை இரண்டு மாதமாக மூலையில் உட்காரவைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஆனால் உன் கோபம் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் அம்மாசி என்ற பெண் இங்கே பாத்திரம் தேய்த்தாள். அதே ஜன்னலில்தான் அவள் டம்ளரும் இருந்தது. எத்தனையோ நாள் என் கையாலேயே அதில் காபியைத் தூக்கி ஊற்றியிருக்கிறேன், என் பாத்திரம் அதன் விளிம்பில் படாமல். அதனால்தான் எனக்கென்று ஒரு இடம் தேவைப்பட்டபோது நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவளிடம் மன்னிப்பு கேட்கலாம் என்றால் எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது, நிஷா.

மார்ச் ஒன்றாம் தேதி பையை நானே மாற்றினேன். கண்ணைத் திறந்துகொண்டுதான். அந்த வழி சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் மாதிரி இருக்கிறது. தொட்டால் வலிக்கவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது. முதல் தடவை கோணலாக ஒட்டிக் கசிந்து புடவையெல்லாம் பாழ். உட்கார்ந்து அழுதேன். இவர் கண்ணில் கட்டோடு கதவுக்கு வெளியே நின்று ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. நேற்று நாலாவது தடவை. நேற்றே சமையலறைக்குப் போய் ரசம் வைத்தேன். கால்மணி நேரம் நின்றதற்கே இடுப்பு விட்டுப்போயிற்று, உப்பும் ஜாஸ்தி. ஆனாலும் இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வார்டில் நாற்பது நிமிஷம் உனக்குக் கிடைக்காது, எனக்குப் புரிகிறது. அந்த நாலு நிமிஷத்திலேயே, “பாக்கணும்னா பாருங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று மட்டும் சொல்லிப் பார். பத்தில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாலும் போதும்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் இந்தத் தடவை காபி நான் போடுவேன். அந்த ஜன்னல் மேடை காலியாகத்தான் இருக்கிறது. தட்டையும் டம்ளரையும் உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டில் மற்றதோடு கவிழ்த்துவிட்டேன். நீ பாதி குடித்துவிட்டு வைத்த டம்ளரும் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியது. எது உன்னுடையது, எது என்னுடையது என்று இன்று காலை எனக்கே தெரியவில்லை.

அன்புடன்,
நீரஜா