மூன்றாம் நம்பர் போர்டில் முட்டை

ஜூலை 19, ஞாயிறு

காலையில் தூறல், அப்புறம் புழுக்கம். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா பந்தோபஸ்து. கால் வீக்கம். யூனிஃபார்ம் துவைக்கவில்லை.

ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். திருவிழா முடிந்ததும் வருடாந்திரத் துப்பாக்கி சுடுதல், ஆளுக்கு ஐந்து குண்டு. போன வருடம் என் போர்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் முட்டை. கோமதி என்று ஒருத்தி இருப்பதே மறந்துவிட்டது. "முட்டை, அந்த ஃபைல எடு." "முட்டைக்கு ஒரு டீ சொல்லுலே." இந்த வருடமும் கோட்டைவிட்டால் ரிட்டையர் ஆகும்வரை இதே பெயர்தான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 21, செவ்வாய்

ஆளாளுக்கு யோசனை.

ரைட்டர்: முந்தின நாள் டீ குடிக்காதே, கை நடுங்கும். (குடித்துக்கொண்டிருந்தது என் டீ.)

மாமியார்: பாக்கெட்டில் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்று.

அருணாசலம் ஏட்டையா: மூச்சைப் பாதி விட்டு நிறுத்தணும். பாதி எது என்று கேட்டேன். "அது அனுபவத்துல வரும்மா." போன வருடம் அவர் போர்டில் ஒரே ஓட்டை, அதுவும் ஓரத்தில். அவரை யார் கேட்பது? ஏட்டையா ஆயிற்றே.

வீட்டுக்காரர் தறி ஓட்டிவிட்டு வந்து, விளக்குமாற்றைத் தோளில் வைக்கச் சொன்னார். "கறுப்பு வட்டத்துல ஒனக்குப் பிடிக்காத மூஞ்சிய நெனச்சுக்கோட்டி." நினைத்தேன். இவர் மூஞ்சிதான் வந்தது.

ஜூலை 24, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. டூட்டி முடிந்து சேலை மாற்றி, இவரோடு திருவிழாவில் பலூன் சுடும் கடை. சிவப்பைக் குறிபார்த்தால் இடப்பக்கத்துப் பச்சை வெடிக்கிறது. கடைக்காரர் சிரிக்கிறார். இவர் காதில் சொன்னார்: "துப்பாக்கி இடப்பக்கம் இழுக்கு. எது வேணுமோ, அதுக்கு வலப்பக்கத்துப் பலூனப் பாரு."

பார்த்தேன். டப். டப். டப். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சுட்டது பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெளியே சொன்னால் வெட்கம். இவருக்கு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 30, வியாழன்

தபசு முடிந்தது. கடை இன்னும் இருக்கிறது. தினமும் சாயங்காலம் பலூன். வலப்பக்கம் பார், இடப்பக்கம் வெடி. "யக்கா, நீங்க வந்தா எனக்கு யாவாரம் படுத்துருது" என்கிறார் கடைக்காரர். கேட்கச் சுகமாக இருந்தது. அரிசி வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

காற்றில்லை, நல்ல வெளிச்சம். எனக்கு மூன்றாம் நம்பர் போர்டு. வலப்பக்கம் நான்காம் நம்பர், ஏட்டையாவுக்கு. குப்புறப் படுத்தோம். விசில். கை நடுங்கவே இல்லை. ஐந்தையும் சுட்டு முடித்துத் தலையைத் தூக்கினால், இவ்வளவு நேரம் நான் குறிபார்த்த போர்டின் மேல் எழுதியிருப்பது நாலு! பலூன் கடைப் பழக்கம். கண் தானாக வலப்பக்கம் போயிருக்கிறது. இங்கேயோ துப்பாக்கி நேராகச் சுடுகிறது.

மூன்றில் முட்டை. நான்கில் ஐந்தும் நடுவட்டம். ஏட்டையாவின் ஐந்தும் எங்கே போயிற்றோ, போர்டுக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டைத்தான் கேட்க வேண்டும். சரியாக ஐந்து ஓட்டை இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏட்டையாவுக்குக்கூட. கைதட்டல். இன்ஸ்பெக்டர் கையால் அவருக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு.

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் போர்டில் சுட்டேன் என்றால் முட்டையைவிட மோசமான பெயர் வைப்பார்கள். சனிக்கிழமை நான் மட்டும் மறுபடி சுட வேண்டுமாம். பயிற்சி கொடுக்கப்போவது ஏட்டையாவாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 6, வியாழன்

"நான் எப்படிப் போட்டேன் தெரியுமாம்மா? பாதி மூச்சு. அவ்வளவுதான்." காலையிலிருந்து இதே பேச்சு. மத்தியானம் அந்த டிபன் கேரியரைத் திறந்து எனக்கும் ஒரு பிடி புளியோதரை கொடுத்தார். நல்லா வேறு இருந்தது. அதுதான் ஆத்திரம்.

பொறுக்கமுடியாமல் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பம் நான் சொல்லிக்குடுத்தது பலிச்சிருக்குல்லா?" விளக்குமாற்றைத் தேடினேன். ஒளித்துவைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 8, சனி

மைதானத்தில் இன்று ஒரே போர்டு.

இன்ஸ்பெக்டர் சொன்னார்: "ஏட்டையா, மொதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க." ஏட்டையா பாதி மூச்சு விட்டார். ஐந்தும் சுட்டார். போர்டு புத்தம்புதிதாக நின்றது. "காத்துய்யா" என்றார். ஒரு இலை அசையவில்லை.

அப்புறம் நான். வலப்பக்கம் ஓடப்பார்த்த கண்ணை இழுத்துப் பிடித்தேன். நாலு நடுவில், ஒன்று ஓரத்தில். இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குட்" என்றார். போதும்.

திரும்பும்போது ஜீப்பில் ஏட்டையா பக்கத்தில். ரயில்வே கேட் மூடியிருந்தது, ஜீப் நின்றது. அப்புறம் மெதுவாக, "கோமதி." பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது. "அன்னைக்கு எம் போர்டுல விழுந்தது..."

"என்னுதுதான் ஏட்டையா."

"அடப்பாவி மக்கா. சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா யாரு நம்புவா?"

கேட் திறந்ததும் சொன்னார்: "டிபன் கேரியரத் தேச்சுக் கொண்டாந்து தாரேன்." முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

எங்களுக்கு முன்னாலேயே சேதி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. ஜீப்பைவிட்டு இறங்குகிறோம், உள்ளேயிருந்து ரைட்டர் குரல்: "ஏலே, முட்டை வருது!"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.