ஏழு தொட்டிகளும் ஒரே துணியும்

அடியே,

இன்று காலை பிரியாணிக்குப் பட்டை இடித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அடுப்பை மறந்துவிட்டேன். உன் ஆர்க்கிட் செடிகள் கண்முன்னே வந்து நின்றன, கூடவே நீயும். அப்புறம் எங்கே பிரியாணி? அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

மட்டாஞ்சேரியில் நமக்கு அடுத்தடுத்த வீடு, ஒரே சுக்குக் கிடங்கில் வேலை. ஏழு தொட்டிகளில் அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் போட்டு நீ ஆர்க்கிட் வளர்த்தாய். "மண்ணே இல்லாம என்னத்தடி வளரும்?" என்று கேலி செய்வேன். "உன் வாய் வளரலையா?" என்பாய். தொண்ணூறுகளின் கடைசியில், மார்பில் கட்டி என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, ஏழு தொட்டிகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை நீட்டி, "பிள்ளைங்களப் பாத்துக்கோடீ" என்றாய். உன் வீட்டுக்காரர்கூட சிரித்துவிட்டார்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். கிடங்குத் தூசி இலையில் படிகிறதே என்று, தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மேலெல்லாம் தண்ணீரும் தெளித்தேன். மூன்றாவது வாரம் ஒரு செடியில் கறுப்புப் புள்ளி வந்தது, சுற்றிலும் மஞ்சள் வளையம். அழுக்கென்று நினைத்து அழுத்தித் துடைத்தேன். அதே துணியால் மற்ற ஆறையும் துடைத்தேன். கொஞ்ச நாளில் ஏழிலும் புள்ளி.

ஞாயிறுதோறும் மூலைக்கடைக்குப் போன் பண்ணுவாய். "செடியெல்லாம் எப்படிடீ?"

"நல்லாருக்கு. நீ?"

"நானும் நல்லாருக்கேன்."

உன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு தோப்பும்படியில் இருந்த உரக்கடைக்கு ஓடினேன். கடைக்காரச் சேட்டன் இலையைத் திருப்பிப் பார்த்தார். "பூஞ்சை நோயாணு சேச்சி. ஒரே துணிகொண்டு எல்லாம் துடைச்சோ?" தலையாட்டினேன். "அப்போ சேச்சிதான் எல்லாத்துக்கும் சீக்கு கொடுத்தது." எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாவம், மனிதர் பயந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, சாயா வரவழைத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

சொன்னபடியே செய்தேன். புள்ளி விழுந்த இலையையெல்லாம் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் தீயில் காட்டினேன். வெட்டிய வாயில் பட்டைத்தூளை அப்பினேன். பூஞ்சைக்கு அது ஆகாதாம். தொட்டிகளைக் காற்றுப்படத் தள்ளித்தள்ளி வைத்து, காலையில் மட்டும் இலை நனையாமல் வேருக்குத் தண்ணீர் விட்டேன். எல்லாம் முடிந்து பார்த்தால் வெறும் தண்டுகள்தான் நின்றன. உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை.

மறுவாரமே நீ வந்து இறங்கினாய். தலையில் துணி கட்டியிருந்தாய். நான் தொட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"நகருடீ."

நகர்ந்தேன். நீ ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தாய். "நான்தான் கெடுத்தேன். போன்ல சொன்னதெல்லாம் பொய்" என்றேன்.

நீ தலைத்துணியை அவிழ்த்தாய். ஒரு முடி இல்லை. "நான் மட்டும் நெசமா சொன்னேன்? எண்ணிப் பாரு, மொத்தம் எட்டு மொட்டை" என்றாய். அடிப்பாவி, அந்த நேரத்திலும் சிரிக்க வைத்தாயே! சிரித்த சிரிப்பு எப்போது அழுகையானதென்று தெரியவில்லை. கட்டிப்பிடித்தபோது உன் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. "இனி நமக்குள்ள இந்த 'நல்லாருக்கேன்' வேண்டாம், கேட்டியா" என்றாய்.

இரண்டு செடி போயிற்று. ஐந்து துளிர்த்தன. அடுத்த வருடம் ஊதாப் பூ வந்தபோது உனக்கும் சுருள்சுருளாக முடி வந்திருந்தது. நான்கு வருடம் நன்றாக ஓடிற்று.

பிறகு கட்டி திரும்ப வந்தது; திரும்பவும் அதே ஆஸ்பத்திரி. ஒரு செவ்வாய்க்கிழமை உன் போன் வந்தது.

"எப்படிடீ இருக்கே?"

"நல்லா இல்லடீ. வா."

கட்டிய சேலையோடு ரயிலேறினேன். கடைசி இரண்டு நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கக் கிடைத்தது. நீ பொய் சொல்லியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

இப்போதெல்லாம் யாராவது போனில் "நல்லாருக்கேன்" என்றால் நான் அதோடு விடுவதில்லை. "நெசமா?" என்று இன்னொரு தடவை கேட்கிறேன். பலரும் சிரித்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் பேச்சு வராமல் போகிறது. உடனே அவர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன்.